ஏன் இவ்வளவு காலம் ஒரே நாட்டில் இருந்தார்?

போன வருடம் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் இருந்தேன். எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை, இந்தத் துறையில் வேறு எங்கே நடந்திருந்தாலும் முடிவு பெரும்பாலும் இதேதான். சர்வதேச வளர்ச்சிப் பொருளாதார நிபுணர் பதவி, அதாவது ஏழை நாட்டு அரசாங்கங்களுக்குப் பட்ஜெட், கடன் போன்றவற்றில் ஆலோசனை சொல்லும் வேலை, நடுமட்டம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவருடைய சுயவிவரத்தில் பத்து வருடத்துக்குள் பதினோரு நாடுகள் இருந்தன. மற்றவர் எட்டு வருடம் ஒரே நாட்டில் வேலை பார்த்த பெண்: முதலில் புள்ளியியல் அலுவலகம், அப்புறம் நிதியமைச்சகத்தின் பட்ஜெட் பிரிவு. அது அவருடைய சொந்த நாடு. முதலாமவர் கடன் சுமை, சமூகப் பாதுகாப்பு, பருவநிலை நிதி என்று எதைக் கேட்டாலும் தெளிவாகப் பேசினார். அந்தப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் பதில் அந்த ஒரு நாட்டிலிருந்தே வந்தது, ஆனால் பதிலில் சரக்கு இருந்தது. எந்த மாதம் வரி வந்து சேரும், எந்த மாதம் கஜானா வறண்டு கிடக்கும், ஆசிரியர் சம்பளப் பட்டியலில் இறந்துபோனவர்களின் பெயர் எப்படித் தங்கிவிடுகிறது, அதை நீக்க யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதுவரை சொன்னார். அவர் அறையை விட்டுப் போனதும் குழுவில் ஒருவர் கேட்டார்: "ஏன் இவ்வளவு காலம் ஒரே நாட்டில் இருந்தார்?" கேட்டவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மதிப்பெண் தாளில் 'பரந்த அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு வேலை போனது.

என் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தேன், அது கோப்பில் இருக்கிறது. வேலை கிடைத்தவர் கெட்டிக்காரர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நாட்டில் நிறைய நாள் இருப்பதற்கு விளக்கம் கேட்கிறோம், எந்த நாட்டிலும் நிலையாக இல்லாமல் இருந்ததற்கு விளக்கம் கேட்பதில்லை. இதை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கிளம்பச் சொல்லும் வேலை

இந்தத் துறைக்குள் வருகிற வழிகள் பல. உள்ளே வந்தபிறகு நடப்பதைச் சொல்கிறேன். உலக வங்கியில் குறுகிய கால ஆலோசகராகச் சேர்ந்தால் ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 150 நாள்தான் வேலை தரலாம் என்பது விதி. மீதி மாதங்களுக்குப் பிழைப்பு வேண்டுமே, அதனால் இன்னொரு பிரிவு, இன்னொரு நாடு, இன்னொரு நிறுவனம் என்று ஒட்டுப்போட்டு வருடத்தை நிரப்புகிறார்கள். நிரந்தர வேலையில் இருந்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை நாட்டை மாற்றிவிடுவார்கள். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஒரே அரசாங்கத்தோடு அதிக நாள் பழகினால் அதன் குறைகள் கண்ணில் படாமல் போய்விடும், கடன் கொடுக்கிற பக்கத்திலிருந்து வந்தவர் கடன் வாங்குகிறவரின் ஆளாகிவிடுவார் என்கிற பயம் அது. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஒரு நாட்டில் பட்ஜெட் பணம் எப்படி நகர்கிறது என்று மட்டும் எழுதினால் 'இது மற்ற நாடுகளுக்குப் பொருந்துமா' என்று கேட்டு ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிடும். எந்த வாசல் வழியாக வந்தாலும் சரி, இரண்டு மூன்று வருடம் ஆனதும் இந்தத் தொழில் கிளம்பு என்கிறது.

கடனோ உதவியோ தரும் அமைப்பு ஒரு நாட்டை ஆராய அனுப்பும் குழுவின் வருகையைத்தான் மிஷன் என்று நாங்கள் சொல்வது, பெரும்பாலும் இரண்டு வார வேலை. முதல் வாரம் நிதியமைச்சகம், மத்திய வங்கி, புள்ளியியல் அலுவலகம், மற்ற கொடையாளர்கள் (உதவி தரும் நாடுகளும் அமைப்புகளும்) என்று வரிசையாகச் சந்திப்புகள். இரண்டாவது வாரம் ராத்திரி முழுக்க எழுத்து. கடைசி நாளில், பார்த்ததையும் சிபாரிசுகளையும் சொல்லும் 'எய்ட் மெமுவார்' என்ற குறிப்பு அமைச்சகத்தின் கைக்குப் போகும், குழு விமானம் ஏறும். இதை வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து நாடுகளில் கடன் நெருக்கடியைப் பார்த்தவருக்கு ஆறாவது நாட்டில் அதன் அறிகுறி சட்டென்று தெரியும், உள்ளேயே இருப்பவருக்கு அது பழகிப்போயிருக்கும். ஆனால் மிஷனை வரவேற்கிற பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு காட்சி. அமைச்சகத்தில் விஷயம் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள், வருகிற ஒவ்வொரு குழுவும் அதே நான்கைந்து பேரைத்தான் கேட்கும். பட்ஜெட் தயாரிக்கிற மாதங்களில் தயவுசெய்து மிஷன் அனுப்பாதீர்கள் என்று தான்சானியா அரசாங்கம் ஒரு 'அமைதிக் காலம்' அறிவிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு உதவியைச் சீராக்க 2005-ல் வந்த பாரிஸ் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நாடுகள், 2010-க்குள் மிஷன்களில் 40 சதவீதமாவது கூட்டாக வரவேண்டும் என்று இலக்கு வைத்துக்கொண்டன. வருகைகளின் எண்ணிக்கையே ஒரு பிரச்சினை என்று கொடையாளர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் அதை நான் படிக்கிறேன்.

வந்து போகிறவர் கையில் மிஞ்சுவது தரவுத்தளத்தில் இருக்கும் எண்தான். 2010 நவம்பரில் கானா தன் தேசிய வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலையையும் தொழில்களையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்களோ அந்த ஆண்டை, 1993-லிருந்து 2006-க்கு மாற்றியது. மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே அறிவிப்பில் சுமார் 60 சதவீதம் கூடி, குறைந்த வருமான நாடுகள் பட்டியலிலிருந்து கானா ஒரு படி மேலே போனது. 2014 ஏப்ரலில் நைஜீரியா 1990-லிருந்து 2010-க்கு மாறியபோது கூடியது 89 சதவீதம், தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் என்று பெயர் வாங்கியது. மொபைல் போன் தொழிலும் திரைத்துறையும் அந்தப் பழைய கணக்கில் சரியாக இடம்பெறவே இல்லை. அறிவிப்புக்கு முந்தின நாள்வரை அந்த நாடுகளின் வரி விகிதத்தையும் கடன் விகிதத்தையும் பழைய எண்ணால் வகுத்து எத்தனை அறிக்கைகள் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். புள்ளியியல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடிப்படை ஆண்டு எவ்வளவு பழசு என்பது எப்போதும் தெரியும். அவர்களை ஒரு மணி நேரச் சந்திப்பில் பார்க்கிறவர் அதைக் கேட்கமாட்டார், அவர்களாகவும் சொல்லமாட்டார்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணம் உகாண்டாவில் நடந்தது. 1990-களில் அங்கே ஆரம்பக் கல்விக்கு ஒதுக்கீடு கூடிக்கொண்டே போனது, பள்ளியில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. 1996-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் அரசாங்கத்தோடு சேர்ந்து 250 அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போய், தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு அனுப்பிய மானியத்தில் எவ்வளவு கைக்கு வந்தது என்று பதிவேடுகளைப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரையிலான சராசரி 13 சதவீதம். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வந்திருக்கவில்லை. அதன்பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்பதை அரசாங்கம் செய்தித்தாளில் வெளியிட ஆரம்பித்தது, பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. அடுத்த சில வருடங்களில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பங்கு வெகுவாகக் கூடியது. செய்தித்தாள்தான் முழுக் காரணமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது, அது நடக்கட்டும். ஒதுக்கீடு என்பது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு, இரண்டுக்கும் நடுவில் எங்கே எட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அந்த நாட்டு நிதியமைச்சகத்துக்குள்ளும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லூயிஸ், ஹிர்ஷ்மன், கரி

இந்தத் துறையின் முதல் தலைமுறையில் மூன்று பேரை நான் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஆர்தர் லூயிஸ் செயின்ட் லூசியா தீவில் பிறந்தவர். பொறியாளராக ஆசைப்பட்டார், கறுப்பினப் பொறியாளரை அரசும் வேலைக்கு எடுக்காது, தோட்ட முதலாளிகளும் எடுக்கமாட்டார்கள் என்பதால் வேறு படிப்புக்குப் போனார். கிராமத்தில் தேவைக்கு மேல் இருக்கும் உழைப்பு நகரத் தொழிலுக்கு நகர்வதைப் பற்றி 1954-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைக்கும் மாணவர்கள் ஆரம்பிக்கிறார்கள். 1957-ல் கானா சுதந்திரம் வாங்கியதும் அதன் பிரதமர் நக்ருமாவின் பொருளாதார ஆலோசகராக அங்கே போனார். அடுத்த வருடக் கடைசியில் கிளம்பிவிட்டார். பெரிய திட்டங்களைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. உங்கள் ஆலோசனை பொருளாதாரக் கண்ணில் சரியாக இருக்கலாம், நான் அரசியல்வாதி, எதிர்காலத்தின்மேல் பந்தயம் கட்டியாக வேண்டும் என்ற பொருளில் நக்ருமா அவருக்குக் கடிதம் எழுதினார். லூயிஸ் கிளம்பியதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தலைவருக்கு மட்டும் ஆலோசகராக இருப்பவருக்கு அந்தத் தலைவர் கேட்காமல் போனால் வேறு போக்கிடம் இல்லை. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1952-ல் கொலம்பியாவின் திட்டக் குழுவுக்கு ஆலோசகராகத் தலைநகர் பொகோட்டாவுக்குப் போனார். இரண்டு வருடத்தில் அந்த வேலை முடிந்தபிறகும் கிளம்பவில்லை, சொந்தமாக ஆலோசனை நிறுவனம் வைத்துக்கொண்டு 1956 வரை அங்கேயே இருந்தார். ஏழை நாட்டில் மூலதனம் இல்லை, திறமை இல்லை என்று எல்லோரும் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவையெல்லாம் ஆங்காங்கே சிதறியும் ஒளிந்தும் கிடக்கின்றன, அவற்றைத் திரட்டி முடிவெடுக்க வைக்கும் உந்துதல்தான் பற்றாக்குறை என்று 1958-ல் எழுதினார். அரசாங்க மேசையிலிருந்து எழுந்து, தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த அந்தக் கடைசி இரண்டு வருடம் இல்லாமல் அவருக்கு இது தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாமவர் பெயர் பலருக்குத் தெரியாது. லாக்லின் கரி, கனடாவில் பிறந்தவர், ரூஸ்வெல்ட்டின் வெள்ளை மாளிகையில் பொருளாதார நிபுணராக இருந்தவர். உலக வங்கி ஒரு வளரும் நாட்டை முழுதாக ஆராய முதன்முதலாக அனுப்பிய குழு 1949-ல் கொலம்பியாவுக்குப் போனது, அதற்குத் தலைவர் இவர்தான். அதாவது உலக வங்கியின் இந்த வகை மிஷன் இவரிடமிருந்து ஆரம்பிக்கிறது. அறிக்கை எழுதி முடித்ததும், அதை நிறைவேற்ற வாருங்கள் என்று அந்த நாட்டு அரசாங்கம் கூப்பிட்டது, போனார். 1953-ல் ராணுவ ஆட்சி வந்ததும் அரசுப் பணியிலிருந்து ஒதுங்கி பொகோட்டாவுக்கு வெளியே பால் பண்ணை வைத்தார். அப்போதும் ஊரை விட்டுப் போகவில்லை. 1958-ல் கொலம்பியக் குடிமகனானார். இடையில் சில வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கற்பித்துவிட்டுத் திரும்பி வந்தார். சேமிப்பையும் வீட்டுக் கடனையும் விலைவாசியோடு இணைக்கும் வீட்டுநிதி முறை 1972-ல் அங்கே வந்ததற்கு அவருடைய திட்டம்தான் காரணம். 1993-ல் பொகோட்டாவில் இறந்தார். 1949-ல் வந்திறங்கிய ஒரு ஆலோசகர் எழுதிய சிபாரிசுக்கு, இருபத்துமூன்று வருடம் கழித்து அதே ஊரில் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்க முடிந்தது. இன்றைய ஆலோசகர் யாரையாவது அப்படிக் கேட்க முடியுமா? இந்த மூன்று பேரில் பாடப்புத்தகத்தில் இடம் பிடித்தவர்கள் முதல் இரண்டு பேர்தான் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாவது பட்ஜெட்

என் விஷயத்துக்கு வருகிறேன். படிப்பு முடித்த சில வருடத்தில் ஒரு சிறிய நாட்டின் நிதியமைச்சகத்தில், பட்ஜெட் பிரிவில், ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஆலோசகர் என்ற பட்டம் இல்லை. மற்ற அதிகாரிகளைப் போல எனக்கும் சில அமைச்சகங்களின் கோப்புகள் கொடுத்தார்கள், அதில் சுகாதாரமும் ஒன்று. பக்கத்து மேசையில் நடுவயது அதிகாரி ஒருவர் இருந்தார், எனக்கு முன்னால் பல வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர், பேச்சு குறைவு. முதல் பட்ஜெட் முடிந்த சமயம், ஒரு சர்வதேச அமைப்பின் மிஷன் வந்து போனது. அவர்களுடைய குறிப்பில் சுகாதார அமைச்சகத்தைப் பற்றி இருந்த வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: நிதியை உள்வாங்கும் திறன் குறைவு, அலுவலர்களுக்குப் பயிற்சி தேவை. ஆதாரமும் இருந்தது. மருந்து கொள்முதலுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவாகாமல் வருடக் கடைசியில் கஜானாவுக்கே திரும்பியிருந்தது. செலவழிக்கத் தெரியாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று அடுத்த வருட ஒதுக்கீட்டைக் குறைக்கவும் ஆயத்தமானோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு சர்வதேச அமைப்பின் தலைமையகத்தில் வேலை ஒன்று வந்தது, நல்ல வேலை. பக்கத்து மேசை அதிகாரியிடம் சொன்னபோது அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் அடுத்த பட்ஜெட்டுக்கு இருக்கமாட்டீர்களா?" அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் கஜானா எந்த அமைச்சகத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பணம் விடுவித்தது என்று கையால் எழுதி வைத்திருந்தார், பல வருடத்துக்கு. கணினியில் இருந்தது வருட மொத்தம் மட்டும். தேதி இருந்தது அவர் நோட்டில்தான்.

அந்த நோட்டைப் படிக்க எனக்குச் சில வாரம் பிடித்தது. அந்த நாட்டில் பட்ஜெட் நிறைவேறியதும் பணம் வந்துவிடாது. அந்தந்த மாதம் வரி எவ்வளவு வருகிறதோ அதைப் பொறுத்துத்தான் விடுவிப்பார்கள், முதலில் கடன் வட்டி, அப்புறம் சம்பளம், மிஞ்சினால் மற்றவை. பணவீக்கத்தை அடக்க 1993-ல் ஜாம்பியா கொண்டுவந்த கைக்காசு பட்ஜெட் இப்படித்தான் இயங்கியது, இன்னும் எத்தனையோ நாடுகளில் அது ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. மருந்துக்கு சர்வதேச டெண்டர் விட வேண்டும், அதற்கே பாதி வருடம் ஓடிவிடும். முதல் மூன்று மாதத்தில் வருகிற பணம் வங்கியில் கடன் உறுதிக் கடிதம் (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதி) திறக்கக்கூடக் காணாது. பணம் உருப்படியாக வரும்போது வருடத்தின் கடைசிக் காலாண்டு ஆகிவிடும், டெண்டரில் சொன்ன விலை அதற்குள் காலாவதியாகியிருக்கும். மறுபடி டெண்டர் விட நாள் இல்லை. பணம் திரும்பிப் போகும். வருடா வருடம் இதே கதை, வருடா வருடம் ஒரு மிஷன், வருடா வருடம் பயிற்சிக்குச் சிபாரிசு. சுகாதார அமைச்சகத்தின் கொள்முதல் அதிகாரிகள் அத்தனை பயிற்சிக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது முதல் காலாண்டில் பணம்.

தலைமையகத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். அந்த அதிகாரியும் நானும் சேர்ந்து நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்தோம், முதல் கையெழுத்து அவருடையது. மருந்து டெண்டரைப் பட்ஜெட்டுக்கு முன்பே ஆரம்பிக்க அனுமதிப்பது, மாதாந்திர விடுவிப்பு வரிசையில் சம்பளத்துக்கு அடுத்தபடியாக மருந்தை வைப்பது, இரண்டே இரண்டு மாற்றம். மேலே போக மாதக்கணக்கில் ஆனது. வரிசையில் மருந்து மேலே வந்தால் வேறு ஏதோ கீழே போக வேண்டும், சாலைப் பணிக்காரர்கள் சும்மா இருப்பார்களா. ஆனால் நிறைவேறியது. அடுத்த வருடம் மருந்துப் பணம் மருந்துக்கே செலவானது, 'உள்வாங்கும் திறன் குறைவு' என்ற வரி குறிப்பிலிருந்து காணாமல் போனது. இதைக் கண்டுபிடிக்க எந்தப் புதுப் பொருளாதாரக் கோட்பாடும் தேவைப்படவில்லை. அந்த அதிகாரிக்கு இது அத்தனை காலமும் தெரியும், அவரைக் கேட்டவர்கள் யாரும் இல்லை, கேட்கிற அளவுக்குப் பழகினவர்களும் இல்லை. நோட்டை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் நான் இருப்பேனா போவேனா என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு வருடத்தின் கணக்கைப் பார்த்தால் அது திறமைக் குறைவு மாதிரித்தான் தெரியும். இரண்டாவது பட்ஜெட்டும் அதே இடத்தில் அதே மாதிரி தடுக்கி விழுவதைப் பார்த்தால்தான் அது தேதிப் பிரச்சினை என்று புரியும்.

சும்மா இருந்தால் போதுமா

இங்கே ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அது வலுவானது. 1960-களிலிருந்து ஆயிரக்கணக்கான வெளிநாட்டு நிபுணர்கள் ஆப்பிரிக்க அமைச்சகங்களில் வருடக்கணக்கில் குடியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளூரில் ஒரு இணை அதிகாரி, நிபுணர் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்புவார் என்பது ஏற்பாடு. இது பெரும்பாலும் நடக்கவில்லை என்று 1993-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்துக்காக எலியட் பெர்க் எழுதிய அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. நிபுணர் வேலையைத் தானே செய்துமுடித்தார், இணை அதிகாரி மாற்றலாகிப் போனார் அல்லது நல்ல சம்பளத்துக்குக் கொடையாளரின் திட்டத்திலேயே சேர்ந்தார், அமைச்சகம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக, வெளியாள் ஒருவர் நிறைய நாள் தங்குவதே தீர்வு என்று நான் சொன்னால் அந்த வரலாற்றை மறைத்ததாகும்.

யாருக்குப் பதில் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கொடையாளர் சம்பளம் கொடுத்து, கொடையாளருக்கு அறிக்கை எழுதி, அமைச்சகத்தில் அறை மட்டும் வைத்திருப்பவர் பத்து வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். லண்டனில் உள்ள ஓ.டி.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் 1963-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதுகலை முடித்த இளம் பொருளாதாரப் பட்டதாரிகளை ஏழை நாடுகளின் அமைச்சகங்களுக்கும் புள்ளியியல் அலுவலகங்களுக்கும் இரண்டு வருடத்துக்கு அனுப்பும் திட்டம் அது. அவர்கள் அந்த அரசாங்கத்தின் ஊழியராக, உள்ளூர் மேலதிகாரிக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. தலைமையகத்தில் பெரிய பதவிக்குப் போன பலர் இந்தத் திட்டத்தில் ஆரம்பித்தவர்கள்தான், அவர்கள் எழுதுவதில் அது தெரியும். இரண்டு வருடம் குறைவு என்பேன், ஆனால் இரண்டு பட்ஜெட் பார்த்துவிடலாம்.

உண்மையில் ஒரே இடத்தில் நிலைத்திருந்து சாதித்தவர்கள் அந்தந்த நாட்டுக்காரர்கள்தான், அவர்களைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். உகாண்டாவின் எமானுவல் துமுசீமே முடெபிலே மாணவர் தலைவராக இருந்தபோது, 1972-ல் ஆசியர்களை இடி அமின் வெளியேற்றியதை எதிர்த்துப் பேசிவிட்டு நாட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தார். திரும்பி வந்து, 1992-ல் நிதியும் திட்டமிடலும் ஒன்றாக்கப்பட்ட அமைச்சகத்தின் செயலரானார். மேலே சொன்ன 250 பள்ளி ஆய்வு நடந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். 2001-ல் உகாண்டா மத்திய வங்கியின் ஆளுநராகி, 2022 ஜனவரியில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். முப்பது வருடம், இரண்டு நாற்காலி. எங்கள் மதிப்பெண் தாளில் 'பரந்த அனுபவம்' என்ற கட்டத்தில் அவருக்கு எவ்வளவு போட்டிருப்போம்?

அதனால்தான் அந்தக் கேள்வி எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. ஏழை நாட்டில் பிறந்து அங்கேயே வேலை பார்க்கிற பொருளாதார நிபுணர் எப்போதுமே 'ஒரு நாட்டுக்காரர்'. பணக்கார நாட்டில் பிறந்து ஏழை நாடுகளுக்குப் போய் வருகிறவர் 'சர்வதேச அனுபவம்' உள்ளவர். முன்னவருக்கு உள்ளூர் ஆலோசகர் கட்டணம், பின்னவருக்குச் சர்வதேசக் கட்டணம், ஒரே அறிக்கைக்கு, பல மடங்கு வித்தியாசத்தில். அறிக்கையின் இணைப்பில் உள்ள அட்டவணைகளைப் போட்டவர் யார், முகப்பில் பெயர் போட்டவர் யார் என்று பார்த்தால் புரியும்.

2025-க்குப் பிறகு

2025 ஜனவரி 20-ல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கும் உத்தரவு வந்தது. 1961-லிருந்து இயங்கிய அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் பணிகள் ஜூலை 1-ல் வெளியுறவுத் துறைக்குள் அடங்கின. பிரிட்டன் 1997-ல் வெளிநாட்டு உதவிக்கென்று தனி அமைச்சகமாகத் தொடங்கிய டிஃபிட்டை 2020-லேயே வெளியுறவு அலுவலகத்தோடு சேர்த்துவிட்டது, தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்றிருந்த உதவி 0.5 ஆகி, 2027-க்குள் 0.3 ஆகும் என்று அறிவித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த இளைஞர்கள் பலருக்கு ஒரு மின்னஞ்சலில் வேலை போனது. நான் ரொம்பவும் வருத்தப்பட்டது மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டத்துக்காக. 1984-லிருந்து 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 400-க்கும் மேல் கணக்கெடுப்பு நடத்தியது அது. குழந்தை இறப்பு, தடுப்பூசி, பிரசவம் பற்றி நாம் நம்பிச் சொல்கிற எண்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவை. அதற்கான அமெரிக்க நிதி பிப்ரவரியில் நின்றது.

இந்த வேலைக்கு இனி எதிர்காலம் உண்டா என்று கேட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். உண்டு என்று உறுதியாக நம்புகிறேன், ஆனால் இடம் மாறும். கொடையாளரின் ஒப்பந்தத்தை நம்பி நாடு நாடாக நகரும் வேலைகள் குறையும், அவை பழைய அளவுக்குத் திரும்பி வராது. நிதியமைச்சகம், மத்திய வங்கி, புள்ளியியல் அலுவலகம், பிராந்திய வளர்ச்சி வங்கிகள், இங்கெல்லாம் வேலை மிச்சமிருக்கிறது. கூடவும் செய்யும், ஏனென்றால் உதவிப் பணம் குறையும்போது இருக்கிற சொந்தப் பணத்தை எந்த மாதம் எதற்கு விடுவிப்பது என்ற கேள்வி இன்னும் கடுமையாகிறது. கணக்கெடுப்புக்கு வெளியிலிருந்து பணம் வராவிட்டாலும், வீடு வீடாகப் போகத் தெரிந்த ஆட்களும் எந்தெந்த வீடுகளை மாதிரியாக எடுப்பது என்று பட்டியல் தயாரிக்கத் தெரிந்தவர்களும் அந்தந்த நாட்டு அலுவலகங்களில் இருக்கிறார்கள். அவர்களை இழக்காமல் வைத்துக்கொள்வதுதான் இப்போதைய அவசரம்.

தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை நாடு என்று எண்ணுவதை விட்டுவிட்டு, உங்கள் வேலையால் எந்த முடிவு மாறியது, அது இன்றைக்கும் நடப்பில் இருக்கிறதா, இப்போது அதைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் சொல்லத் தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: தலைமையகத்தில் குறுகிய கால ஒப்பந்தமும் ஏதோ ஒரு அமைச்சகத்தில் இரண்டு வருட வேலையும் ஒரே நேரத்தில் கிடைத்தால், சம்பளம் குறைவாக இருந்தாலும், குடும்பச் சூழல் இடம் கொடுத்தால், அமைச்சகத்துக்குப் போங்கள். கொள்கைப் பிரிவில் இடம் இருக்கிறது என்பார்கள், பட்ஜெட் பிரிவில் மேசை கேளுங்கள். முதல் மாதம் எதையும் சிபாரிசு செய்யாதீர்கள், கணக்குத் தலைப்புகளின் பட்டியலை வாங்கி வரி வரியாகப் படியுங்கள், விடுவிப்புத் தேதிகள் எங்கே பதிவாகின்றன என்று விசாரியுங்கள். நீங்கள் எழுதுகிற குறிப்பில் அந்த நாட்டு அதிகாரியின் கையெழுத்து முதலில் வரட்டும். முதல் பட்ஜெட் முடிந்த கையோடு வெளியிலிருந்து வேலை தேடி வரும், அது எப்போதும் அந்த நேரத்தில்தான் வரும். இரண்டாவது பட்ஜெட் முடியட்டும் என்று பதில் எழுதுங்கள்.